டிரிம்மர் கேபிள்

மூன்று நாளாக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் திறந்து பேசி ஐந்து வருடமாகிறது, அது வேறு விஷயம். உடம்பு முழுக்கச் செயலிழந்துவிட்ட மனிதருக்கு விழுங்க முடியும், கண் அசையும், அவ்வளவுதான் மிச்சம். கட்டிலுக்கு எதிரே இருக்கும் திரையில் அவர் எழுத்து எழுத்தாகப் பார்ப்பார். திரைக்குக் கீழே பட்டையாக ஒட்டியிருக்கும் கேமரா அந்தப் பார்வையைப் பிடித்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். பார்வை போகும் பக்கம் திரையில் ஒரு அம்புக்குறி நகரும்; அது நின்ற எழுத்துகளைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் சத்தமாக வாசித்துக் காட்டும்.

சண்டை திங்கட்கிழமை காலையில் வந்தது. "உங்களப் பாத்துக்கத்தான் வேலையையே விட்டேன், ஞாபகம் இருக்கா?" என்று அவர் மனைவி ஏதோ எரிச்சலில் கேட்டுவிட்டாள்.

"நான் விடச் சொன்னேனா?" என்றது கம்ப்யூட்டர்.

அவள் கட்டிலை ஆத்திரத்தோடு ஒரு தள்ளு தள்ளினாள். சக்கரம் கேமராவின் கேபிள் மேல் ஏறி அதை நசுக்கிவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே டிராயரைக் குடைந்து, அவருக்கு முகம் மழிக்கும் டிரிம்மரின் கேபிளை எடுத்து மாட்டினாள். கச்சிதமாகப் பொருந்தியது. கேமராவில் சிவப்பு விளக்கும் எரிந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த மௌனம். திரையில் அம்புக்குறி ஒரு மூலையில் கிடந்தது, நகரவே இல்லை. திரையில் ஒரு எழுத்தைக்கூடப் பார்க்க மாட்டாராம், அவ்வளவு வீம்பு. முதல் நாள் அவளும் முறைப்பாகவே இருந்தாள். மறுநாள் மனசு கேட்கவில்லை.

"தப்புதாங்க. ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சாப்பாட்டைக் கூழாக அடித்து, சுடச்சுட எடுத்து வந்து ஊட்டினாள். ஒவ்வொரு வாய்க்கும் கண்ணை இறுக்கி மூடினார். ஓரத்தில் நீர் வழிந்தது. என் கையால் சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லையா என்று அவளுக்குப் பொறுக்கவில்லை. "அழுதாலும் சாப்பிட்டுத்தான் ஆகணும்" என்று ஸ்பூனைக் கடைவாயில் நுழைத்தாள். புதன்கிழமை சமையலறையில் நின்று வாய்விட்டு அழுதாள். அந்த வீட்டில் அவளோடு பேச வேறு யார் இருக்கிறார்கள்? என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ளலாம், அவர் பேசினால் போதும் என்றிருந்தது.

வியாழக்கிழமை, கேமராவை மாட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர்காரர் வழக்கமான சோதனைக்கு வந்தார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு தம்பி. மனுஷர்தான் மூணு நாளா என்கூட டூ விட்டிருக்கார்."

கம்ப்யூட்டர்காரர் சிரித்துக்கொண்டே குனிந்து கேபிளைத் தொட்டுப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இத எங்கேருந்து எடுத்தீங்க அக்கா?"

"டிரிம்மரோடது. ஏன், லைட்டுதான் எரியுதே?"

"லைட் எரியும். நல்ல கேபிளுக்குள்ள நாலு கம்பி இருக்கும். ரெண்டுல கரண்ட், ரெண்டுல தகவல். இது சார்ஜ் ஏத்த மட்டும் செஞ்சது, கரண்ட் கம்பி ரெண்டுதான். கேமராவுக்கு உயிர் இருந்திருக்கு. ஆனா அது பாத்த எதுவும் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரல."

"அப்ப இவர் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரா?"

அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். கோபம் இல்லை, வீம்பு இல்லை! கம்ப்யூட்டர்காரர் பையிலிருந்து வேறு கேபிள் எடுத்து மாட்டியதும் அம்புக்குறி மூலையை விட்டுப் பாய்ந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பல்" என்றது கம்ப்யூட்டர்.

அவளுக்குப் புரியவில்லை. அம்புக்குறி மறுபடி ஓடியது.

"கடைவாய்ப் பல். உயிர் போகுது. சூடு தாங்கல."

கம்ப்யூட்டர்காரர் பையைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போனார். அவள் கேட்காமல் இருந்துவிடலாம்தான், ஆனால் முடியவில்லை.

"இந்த மூணு நாளும் வேற என்ன சொன்னீங்க?"

அம்புக்குறி ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று போனது.

"நிறுத்துன்னு சொன்னேன். ஒவ்வொரு ஸ்பூனுக்கும்."