சேவை நாழியில் பாஸ்தா

சுரைக்காயைப் போலக் கழுத்தறுக்கிற காய் உலகத்தில் வேறு கிடையாது என்று சீதாலக்ஷ்மி முடிவு கட்டிவிட்டாள். மகள் ஜானவி வாங்கித் தந்த யந்திரத்தில் வைத்துச் சுற்றினால் நூல் நூலாக, பார்க்க லட்சணமாகத்தான் வருகிறது. வாணலியில் போட்டு இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அத்தனையும் துவண்டு, அரை டம்ளர் தண்ணீரைக் கக்கிவிட்டு ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்கிறது. அதன் தலையில் தக்காளி விழுதைக் கொட்டினால் வாணலியில் இருப்பது என்னவென்று சமைத்தவளுக்கே தெரியவில்லை.

"இதென்ன, ரசமா?" அவள் புருஷன் பிச்சுமணி தட்டை மூக்கு வரைக்கும் தூக்கிப் பார்த்தார்.

"பாஸ்தா."

"ஓஹோ. ஒரு ஸ்பூன் குடு, குடிக்கறேன்."

அந்த ஸ்பூனை எங்கே எறிவது என்று சீதாலக்ஷ்மி ஒரு கணம் யோசித்தாள். பிறகு கொடுத்தாள்.

இந்த பாஸ்தா பைத்தியம் அவருக்கு அறுபத்தாறு வயதில் பிடித்தது. கிழக்கேகோட்டையில் கோவிலுக்குப் பின்னால் உள்ள தெருவில் பிறந்து, அங்கேயே வளர்ந்து, அங்கிருந்தே செக்ரட்டேரியட்டுக்கு முப்பத்தைந்து வருஷம் போய்வந்து ரிடையர் ஆன மனுஷன். அடைக்கு வெல்லம் இல்லையென்றால் முகம் தூக்குகிறவர். போன வருஷம், ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்கிற இடத்தில் உள்ள ஜானவியின் ஃபிளாட்டில் பத்து நாள் தங்கப் போய், அவள் செய்து கொடுத்த வெள்ளை சாஸ் பாஸ்தாவில் விழுந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பூண்டு நுழையாத அடுக்களையில் அவருக்காகப் பூண்டு நுழைந்தது. சர்க்கரை வியாதி அதற்கு முன்பே நுழைந்திருந்தது.

பாஸ்தா மட்டும் தகராறு என்றால் சீதாலக்ஷ்மி இரண்டு திட்டு திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். தகராறு கண்ணில் இருந்தது. இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் இருப்பதை உடனே எடுத்தாக வேண்டும் என்றார் கண் டாக்டர். ஆனால் சாப்பிட்ட பின் பார்க்கிற சர்க்கரை இருநூறுக்குக் கீழே வராமல் கத்தியைத் தொடமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். இதுவரை இரண்டு தேதி குறித்து இரண்டும் தள்ளிப்போயின. முதல் தடவை முந்நூற்றுப் பத்து, இரண்டாம் தடவை இருநூற்றுத் தொண்ணூறு.

இதற்கு நடுவில்தான் அந்தச் சம்பவம் நடந்தது. கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில், வருகிற பஸ்ஸின் போர்டு தெரியவில்லையே என்று பிச்சுமணி கண்ணைச் சுருக்கிக்கொண்டே நடைபாதையிலிருந்து இறங்கினார். பின்னால் வந்த பஸ் அவர் வேட்டியை உரசிக்கொண்டு நின்றது. டிரைவர் மலையாளத்தில் சொன்ன வார்த்தைகளை சீதாலக்ஷ்மி அவருக்காகவும் சேர்த்துக் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் வாசல்படி இறங்கினால் திரும்பி வரும்வரை அவள் வாசலிலேயே நிற்கிறாள். இன்னொரு தடவை பஸ் நிற்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

அவரோ அலட்டிக்கொள்ளவே இல்லை. "எந்துக்கு இப்படிப் பரபரக்கறே? இன்னொரு கண்ணு இருக்கே, ஒண்ணும் ஆயிடாது, கொழப்பமில்லை" என்பார். கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டாக்டர் சொன்னது சுருக்கம்தான். அரிசி கூடாது, கோதுமை கூடாது, மைதா கூடவே கூடாது, இனிப்பை நினைக்கக்கூடாது, காய்கறி தாராளமாகச் சாப்பிடலாம். கூடவே ஒரு அச்சடித்த காகிதத்தையும் கொடுத்தார். பொடி எழுத்து மலையாளம். அவருக்குக் கண் தெரியாது, இவளுக்குப் பொறுமை கிடையாது, காகிதம் அலமாரிக்குப் போயிற்று. அவர் சோற்றை விட்டார், சப்பாத்தியை விட்டார். ராத்திரி பாஸ்தாவை மட்டும் விடமாட்டேன் என்று குழந்தை மாதிரி அடம் பிடித்தார். அப்போதுதான் ஜானவி, "அம்மா, இப்போ எல்லாரும் காயைத்தான் பாஸ்தா மாதிரி நூலாக்கிச் சாப்பிடறா. அரிசியும் இல்லை, மைதாவும் இல்லை. சுகர் தானா எறங்கும்" என்று சொல்லி அந்த யந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்றாவது தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. சுரைக்காய் மானத்தை வாங்கியதும் சீதாலக்ஷ்மி சாலைக் கம்போளத்தில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினாள். வெள்ளரிக்காய் சுரைக்காயை விட மோசம். உப்புப் போட்டுப் பிசறி, துணியில் கட்டிப் பிழிந்து பார்த்தாள். தண்ணீரோடு காயும் போய் துணிதான் மிஞ்சியது. சௌசௌ கொஞ்சம் நின்றது, ஆனால் அவர் அதை எச்சில் கையோடு தட்டின் ஓரமாகத் தள்ளினார். காரட் அழகாக வந்திருக்கும். கடித்துப் பார்த்தாள், இனித்தது. இனிக்கிறதைச் சர்க்கரைக்காரருக்குப் போடுவாளா? மொத்தக் காரட்டையும் எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான்காம் நாள் ஏகாதசி வந்தது. ஏகாதசியன்று அந்த வீட்டில் அரிசிப் பானையைத் திறக்கிற வழக்கம் கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு ஏகாதசி என்றால் வெந்த நேந்திரங்காய், வெந்த கப்பை. விரதம் இருக்கிறவருக்கு வயிற்றில் பாரமில்லாத ஆகாரம் என்று மாமியார் காலத்திலிருந்து நடக்கிறது. கப்பை என்றால் வேறொன்றும் இல்லை, நம் மரவள்ளிக்கிழங்குதான். வெந்த கிழங்கை வடிகட்டி வைத்துவிட்டுப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை. கையில் எடுத்தால் மெழுகாக உருண்டது.

அரிசியா? இல்லை. மைதாவா? இல்லை. இனிக்கிறதா? அதுவும் இல்லை. காய்கறிக் கடையில்தானே வாங்கினோம்! சீதாலக்ஷ்மி பரணிலிருந்து, இடியாப்பம் பிழிகிற சேவை நாழியை இறக்கினாள். நேந்திரங்காயும் கப்பையும் சேர்த்துச் சூட்டோடு பிசைந்து, நாழியில் அடைத்து, ஸ்டூலில் ஏறி நின்று அழுத்தினாள். சரம் சரமாக இறங்கியது. வாணலியில் போட்டாள், தக்காளியைக் கொட்டினாள், ஏகாதசி என்பதால் பூண்டை மட்டும் விட்டாள். ஒன்றுகூட உடையவில்லை.

பிச்சுமணி ஒரு வாய் போட்டுக்கொண்டார். பிறகு, "எடீ சீதே, இதுதாண்டீ பாஸ்தா" என்றார். இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். மூன்றாம் தடவை வாணலியையே கேட்டார்.

ஏகாதசி முடிந்தது, பாஸ்தா முடியவில்லை. தினமும் ராத்திரி சேவை நாழி இறங்கியது. அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. போனால் போகட்டும், ஒரு மணி அரிசி அவர் வயிற்றில் இறங்கவில்லை என்கிற பெருமையில் அவள் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தாள்.

ஒரு வாரம் கழித்துச் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். முந்நூற்று நாற்பத்திரண்டு.

சீதாலக்ஷ்மி ரிப்போர்ட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள். வீட்டில் தான் போடுவதில் தப்பே இருக்க முடியாது, அப்படியானால் வெளியில் தின்கிறார். வேறு எப்படி ஏறும்? தினமும் சாயங்காலம் பழவங்காடிப் பிள்ளையாரைப் பார்க்கப் போகிறாரே, அங்கே மோதகம், உண்ணியப்பம் எல்லாம் என்ன சும்மாவா இருக்கிறது! பிரசாதம் என்று யாராவது கையில் வைத்தால் இந்த மனுஷன் வேண்டாம் என்பாரா?

மறுநாள் பத்தடி பின்னாலேயே போனாள். அவர் கும்பிட்டார், தேங்காய் உடைத்தார், கூட்டத்தில் வழி தெரியாமல் தூணைத் தடவிக்கொண்டு நின்றார். வாயில் ஏதோ அசைந்தது போல அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான், வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நடுவில் புகுந்தாள்.

"ஏன்னா! வாயைத் திறங்கோ!"

"என்னது?"

"திறங்கோன்னா! நெய் வாசனை வரதான்னு பார்க்கணும். யாரு குடுத்தா? இவருக்குச் சுகர் முந்நூத்து நாப்பத்திரண்டு, கேட்டேளா? இவருக்கு யாரும் ஒண்ணும் குடுக்கப்பிடாது!"

நாலு பேர் சிரித்தார்கள். பிச்சுமணி மறுபேச்சுப் பேசாமல் வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை. ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அதையும் நம்பவில்லை, முழுங்கிவிட்டார் என்றாள். அன்றோடு அவர் சாயங்காலம் வெளியில் போவதையே நிறுத்திக்கொண்டார். நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார், ராத்திரி பாஸ்தாவை மட்டும் வழித்துச் சாப்பிட்டார்.

தேதிக்கு முதல்நாள் மறுபடியும் ரத்தம் கொடுத்தார்கள். முந்நூற்று அறுபத்தெட்டு. வாசல் தாண்டாத மனுஷனுக்கு! ஆபரேஷன் மூன்றாம் தடவையும் தள்ளிப்போயிற்று. கண் ஆஸ்பத்திரியில் இருவரையும் ரெஷ்மா என்கிற உணவு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். இருபத்தைந்து வயதுப் பெண், மலையாளத்தைத் தமிழாக்கிப் பேசினாள்.

"ராத்திரி எந்தா அம்மே சாப்பிடறது?"

சீதாலக்ஷ்மி நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். நாழி, சூடு, அழுத்துகிற பக்குவம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல ரெஷ்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயோ அம்மே, கப்பையா? கூட நேந்திரங்காயும்? அது முழுசும் மாவு அல்லே! இவ்ளோ கப்பைக்குப் பதில் ரெண்டு கரண்டி சோறு போட்டிருந்தா இத்தனை ஏறாது."

"ஏகாதசிக்கு ஆகுமே!" சீதாலக்ஷ்மியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"ஏகாதசிக்கு ஆகும். சுகருக்கு ஆகாது."

வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. சீதாலக்ஷ்மி அதில் தொப்பென்று உட்கார்ந்தாள். தினமும் தோள் வலிக்க வலிக்க அழுத்தி, தன் கையாலேயே ஊட்டாத குறையாகப் போட்டிருக்கிறாள். அதற்குமேல் நாலு பேர் பார்க்க வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறாள். திறந்த அந்த வாய் ஞாபகம் வந்ததும் கூசிப்போனாள்.

"ஏன்னா, நான்தான் மடச்சி..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றார் பிச்சுமணி.

"என்ன தெரியும்? மடச்சின்னா?"

"கப்பை சுகரை ஏத்தும்னு. ஆபீஸ் கேன்டீன்ல பாதிப் பேருக்கு அதனாலதானே ஏறித்து. நான் பார்த்தவன் அல்லவோ?"

சீதாலக்ஷ்மி போட்ட சத்தத்தில் வராந்தாவில் இருந்த ஒற்றைக் கண் கட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"தெரிஞ்சிண்டேவா தின்னேள்? நான் ஸ்டூல்ல ஏறி உயிரை விட்டு அழுத்தறேன், நீங்க தெரிஞ்சிண்டே மூணு தடவை கேட்டு வாங்கித் தின்னேளா! அப்போ கோவில்ல எதுக்கு வாயைத் திறந்தேள்?"

"நீ திறக்கச் சொன்னே."

"நாக்கு ருசிக்காகக் கண்ணைக் குடுப்பேளா? உங்களைக் கட்டிண்டு நான்..."

"ருசி இல்லைடீ." அவர் மேல்துண்டின் நுனியைத் திருகினார். "பயம். மூணாவது தேதியும் தள்ளிப்போகட்டும்னு பார்த்தேன். கண்ணுல கத்தி வெக்கறது. ஏதாவது ஆயிடுத்துன்னா மொத்தமும் இருட்டுதானே? இப்போ மங்கலாவாவது எல்லாம் தெரியறது. வாசல் தெரியறது. உன் மூஞ்சி தெரியறது. அது மதி எனக்கு, அது போதும்."

திட்டுவதற்கு அவளிடம் இன்னும் நிறைய இருந்தது. அதையெல்லாம் அப்படியே விட்டாள். நாற்பது வருஷத்தில் இந்த மனுஷன் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. கொழப்பமில்லை, கொழப்பமில்லை என்று சொல்லிக்கொண்டே இத்தனை நாள் நடுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்.

அவர் பக்கமாகத் திரும்பி, ஒரு சாண் தூரத்தில் தன் முகத்தைக் கொண்டுபோனாள்.

"மூஞ்சி தெரியறதா? சரி, சொல்லுங்கோ. இப்போ எப்படி இருக்கேன்?"

பிச்சுமணி கண்ணைச் சுருக்கினார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"சிரிக்கறே" என்றார். "கோவம் போயிடுத்து, இல்லியோ?"

சீதாலக்ஷ்மி அவருடைய வலது கையை எடுத்து, விரல்களைத் தன் கன்னத்தில் வைத்தாள். கன்னம் முழுதும் நனைந்திருந்தது, மோவாயிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் விரல் அங்கேயே நின்றது. வெகுநேரம் அதை எடுக்கவில்லை. பிறகு துண்டால் அவள் முகத்தைத் துடைத்தார். குறி தவறிக் காதைத் துடைத்தார், அப்புறம் கன்னத்தைத் துடைத்தார்.

"உள்ள போய் அந்தப் பொண்ணுகிட்ட கேளு" என்றார். "இன்னிலேர்ந்து சுரைக்காய் தின்னா, எத்தனை நாள்ல எறங்குமாம்?"