பச்சைக் குமிழும் பத்து வினாடியும்

டிசம்பர் இரண்டாம் தேதி தபால்காரி வெர்னா லுண்ட்கிரென், ஜீப் வழியில் நின்று நின்று போனதால், முப்பத்தொரு வீட்டுத் தபாலைத் திருப்பித் தபால் நிலையத்துக்கே கொண்டுவந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அது இரண்டாவது முறை. மூன்றாவது முறையும் நடந்தால் மலைத் தபால் வழியை அவளிடமிருந்து எடுத்துக் கீழே அலமோசாவில் இருக்கும் ஒரு குத்தகைக்காரனிடம் கொடுத்துவிடப்போவதாகத் தபால் அதிகாரி ஆர்வில் எழுத்திலேயே கொடுத்துவிட்டான். ஆர்வில் கெட்டவன் இல்லை. முப்பத்து நான்கு வயதில் அதிகாரியானவன், மேலிடம் சொன்னதைத் தாளில் எழுதிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறவன். இருபத்திரண்டு வருடமாக நூற்று நாற்பது பெட்டிகளுக்குக் கடிதம் போட்டவளுக்கு வந்த கடிதம் அது.

அவள் நேராக மெக்கானிக் ஹாலிஸ் டீக்கின் பட்டறைக்குத்தான் வந்தாள். ஜீப் அப்போது தேன் போல ஓடிக்கொண்டிருந்தது. ஹாலிஸின் வயிற்றெரிச்சலே அதுதான். மாலையில் பட்டறைக்கு வரும்போதெல்லாம் அந்த வண்டி அப்படித்தான் ஓடும்.

“காலையில மூணு தரம் நின்னுது. ஹட்சின்ஸ் வீட்டு மேட்டுல கறுப்புப் புகை. பெட்ரோல் நாத்தம் என் கோட்டுல இன்னும் இருக்கு, மோந்து பாரு” என்றாள் வெர்னா.

ஹாலிஸ் மோந்து பார்க்கவில்லை. மூடியைத் திறந்து என்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வருடம் படித்தவர்கள். அவனுக்கு ஐம்பத்தெட்டு, அவளுக்கும் அதுதான், ஆனால் அவள் நான்கு மாதம் மூத்தவள் என்பதைச் சமயம் கிடைக்கும்போதெல்லாம் சொல்லிக்காட்டுவாள். அந்த ஊர் வண்டிகளிலெல்லாம் ஸ்டீயரிங் இடது பக்கம், அவளுடைய பழைய ஜீப்பில் மட்டும் வலது பக்கம். தபால் பெட்டிகளெல்லாம் சாலையின் வலது ஓரத்தில் நிற்பதால் உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் போடலாம். ஆறு சிலிண்டர், தேய்ந்த என்ஜின். அதில் இருந்த கார்புரேட்டரைப் பதினோரு வருடம் ஹாலிஸ்தான் கட்டி மேய்த்தான். கார்புரேட்டர் விஷயத்தில் இந்தப் பள்ளத்தாக்கில் அவனை மிஞ்ச ஆள் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

ஆனால் அவள் வழி ஏழாயிரத்து எழுநூறு அடியில் தொடங்கிப் பத்தாயிரம் அடிக்கு ஏறும். கீழே சரியாக ஓடும்படி ஜெட் என்ற பெட்ரோல் துளையை வைத்தால் மேலே காற்று மெலிந்து என்ஜின் பெட்ரோலில் மூழ்கும். மேலே சரியாக வைத்தால் கீழே தாகத்தில் துடிக்கும். நடுவில் நூற்று நாற்பது தடவை நின்று நின்று போகவேண்டும். ஒவ்வொரு அக்டோபரிலும் ஹாலிஸ் அதைத் திருகி இதைத் திருகிச் சமாளித்தான். இந்த அக்டோபரில் வெர்னா ஒரே போடாகப் போட்டாள். கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரே பெட்ரோலை அளந்து விடும் இன்ஜெக்ஷன் செட் ஒன்றை அவள் செலவில் அவன் பெயருக்கு வரவழைத்துப் பொருத்தித் தரவேண்டும், முடியாது என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு ஹாலிஸ் வரவழைத்தான்.

பொருத்தியதில் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் டேங்கில் மின்சாரப் பம்ப், பெட்ரோல் திரும்பி வர ஒரு குழாய், புகைக்குழாயில் துளை போட்டு வெல்டிங் வைத்து ஆக்சிஜன் சென்சார், கார்புரேட்டர் உட்கார்ந்திருந்த இடத்தில் பளபளவென்று பெட்ரோல் தெளிக்கும் புது அலுமினியத் தலை. சென்சார் புகையை மோந்து பார்த்துச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்டி அதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். தொழிற்சாலையில் எழுதிக் கொடுத்த பொதுக் கணக்கோடு தொடங்கி, ஓட ஓட இந்த என்ஜினின் குணத்தைத் தானே கற்றுக்கொள்ளும். நாலைந்து நாளில் கற்று முடித்துவிடும் என்று புத்தகம் சொன்னது.

ஆறு வாரம் ஆகியும் அது கற்று முடிக்கவில்லை. காலையில் முரண்டு பிடிக்கும், பதினொரு மணிக்கு மேல் அடங்கும், பட்டறைக்கு வரும்போது சாதுவாக நிற்கும். இரண்டு முறை ஹாலிஸ் வண்டியை இரவு பட்டறையிலேயே நிறுத்திக்கொண்டான். இரண்டு முறையும் மறுநாள் காலை முதல் திருகலிலேயே கிளம்பிற்று. மேடு வரை ஓட்டிப் பார்த்தான். ஒரு இருமல் இல்லை.

வெல்டிங்கில் கசிவோ என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். எர்த் வயரைக் கழற்றிச் சுரண்டி மாட்டினான். பம்பின் அழுத்தத்தை அளந்தான். சென்சாரையே மாற்றினான். எதிலும் குற்றமில்லை. அப்போது மனதில் ஒரு எண்ணம் வந்தது. தவறு வண்டியில் இல்லை, ஓட்டுகிறவளிடம்தான். வாய்விட்டும் சொல்லிவிட்டான்.

“நீ ஆக்சிலேட்டர மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ற. கார்புரேட்டர் பழக்கம். அதான்.”

“மிதிக்கல.”

“உனக்கே தெரியாம மிதிப்ப.”

வெர்னா தோள்பையைத் தட்டிக் காட்டினாள். பிறகு, “ஆர்வில் குடுத்த தாள் என் பையில இருக்கு, ஹாலிஸ். அடுத்த தடவ வண்டி நின்னா எனக்கு வழி இல்ல. யார் காலு எதை மிதிச்சுதுன்னு அப்புறம் நாம சாவகாசமா பேசிக்கலாம்” என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

மறுநாள் அவன் பட்டறையைப் பூட்டிவிட்டு அவள் பின்னாலேயே போனான். தபால் வண்டியில் வேறு ஆள் ஏறக்கூடாது என்பதால் தன் பிக்கப்பில் இருபது அடி தள்ளித் தொடர்ந்தான். ஒவ்வொரு பெட்டிக்கும் அவள் நிற்க, அவனும் நின்றான். பத்தாவது பெட்டி அவனுடையதே. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஏதோ ஒரு கவரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியில் கையைக் காட்டினாள். அதற்கப்புறம் மேடு. ஜீப் கறுப்பாகப் புகைந்தது, தடுமாறியது, ஹட்சின்ஸ் வீட்டு வளைவில் நின்றே போயிற்று. ஆறு நிமிடம். பிறகு கிளம்பி, மெல்ல மெல்லச் சுதாரித்து, எழுபதாவது பெட்டிக்கு மேல் அருமையாக ஓடியது.  கற்றுக்கொள்கிறதே, கற்றுக்கொண்டுதானே இருக்கிறது, அப்புறம் என்ன என்று ஹாலிஸ் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

பன்னிரண்டு மணிக்கு மலைமேல் ஊரில் இருந்த சாப்பாட்டுக் கடை முன்னால் அவள் வண்டியை நிறுத்தினாள். பச்சை மிளகாய்ச் சூப்பு குடிக்காமல் அவள் அந்தக் கடையைத் தாண்டியதே கிடையாது. ஹாலிஸ் பக்கத்திலேயே பிக்கப்பை ஒட்டி நிறுத்தினான். ஜன்னல் வழியே அவள் கைகள் தெரிந்தன. வலது கை சாவியைத் திருப்பியது. அது முடியும் முன்பே இடது கை இருக்கைக்குப் பின்னால் போய் ஒரு பச்சைக் குமிழைத் திருகிவிட்டது. இரண்டும் ஒரே மூச்சில், கதவைத் திறக்கும் முன்பே.

பாட்டரியை மொத்தமாகத் துண்டிக்கும் குமிழ் அது. அதை அங்கே வைத்தவனே ஹாலிஸ்தான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் வெர்னாவின் முந்தைய வண்டி வீட்டு முற்றத்தில் நின்றபடியே எரிந்துபோயிற்று. எலி வயரைக் கடித்துவிட்டது. மறுநாள் கொடுக்க வைத்திருந்த நாற்பது கடிதங்களும் அதில் போயின. வெர்னா நாற்பது வீட்டுக்கும் தனித்தனியாகப் போய்க் கதவைத் தட்டிச் சொன்னாள். ஒருத்தர்கூட அவளைத் திட்டவில்லை, அவளுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. அடுத்து இந்த ஜீப் வந்ததும் ஹாலிஸ் அந்தக் குமிழைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, சாவியைத் திருப்பின கையோடு இதையும் திருகு, சீட்டை விட்டு எழுந்திருக்கும் முன்னாடியே திருகு என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினான். அவளும் பதினோரு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை. பட்டறையில் அவள் வண்டியை ஓடவிட்டே இறங்குவாள், அணைப்பவன் ஹாலிஸ்தான், அவன் அந்தக் குமிழைத் தொடுவதே கிடையாது. அவன் பட்டறையில் எது எரியப் போகிறது.

அவள் சூப்பு குடிக்கப் போனதும் அவன் கடை வாசலிலிருந்தே செட் விற்ற கம்பெனிக்குப் போன் செய்தான். எடுத்தவன் தூங்கி விழும் குரலில் சொன்னான். சாவியை அணைத்த பிறகும் கம்ப்யூட்டர் பெட்டி பத்து வினாடி விழித்திருக்கும், அன்றைக்குக் கற்றதையெல்லாம் அப்போதுதான் எழுதி வைத்துக்கொள்ளும், அதற்குள் பாட்டரியைத் துண்டித்தால் எல்லாம் மறந்துபோகும். புத்தகத்தில் விட்டுப்போய்விட்டது. வாங்கினவர்கள் எல்லோருக்கும் நவம்பர் முதல் வாரமே கடிதம் போட்டிருக்கிறார்களே, வரவில்லையா என்று கேட்டான். ஹாலிஸ் போனை வைத்துவிட்டான்.

ஹாலிஸ் கடிதம் பிரிக்காதவன். கரண்ட் பில்லைத் தவிர மற்றதெல்லாம் பெட்டியிலிருந்து நேராகப் பட்டறை அடுப்பருகே இருக்கும் வாளிக்குப் போகும், அங்கிருந்து அடுப்புக்கு. தன் வாழ்க்கையில் நல்ல சேதி எதுவும் கவருக்குள் வந்ததில்லை என்பான். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும், வெர்னாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அவன் பட்டறைக்குத் திரும்பி வாளியைக் கொட்டினான். அதில் இல்லை. எரிந்துதான் போயிருக்கும் என்று நினைத்து ஒரு நிமிடம் ஆறுதல்கூடப் பட்டான், வெட்கக்கேடு. பிறகுதான் பளபளப்புத் தாள் அடுப்பில் நாறும் என்று அதை மட்டும் தனியாக ஒரு அட்டைப் பெட்டியில் போடுவது ஞாபகம் வந்தது. டயர் விளம்பரங்களுக்கும் விதைக் கடைப் புத்தகங்களுக்கும் நடுவில் கம்பெனியின் பளபளப்புக் கவர் ஒட்டிய பசை ஒட்டியபடியே இருந்தது.

மாலையில் வெர்னா வந்தாள். ஹட்சின்ஸ் வளைவில் போன ஆறு நிமிடத்தை எப்படியோ பிடித்து எல்லாப் பெட்டிக்கும் போட்டு முடித்திருந்தாள். களைத்திருந்தாள். ஹாலிஸ் மென்று விழுங்காமல் சொல்லிவிட வேண்டும் என்று மதியத்திலிருந்தே ஒத்திகை பார்த்திருந்தான். ஆனால் அவளைப் பார்த்ததும் கவரைத்தான் எடுத்து நீட்டினான். அவள் தாளைப் பார்க்கவில்லை. கவரின் முகப்பைத்தான் பார்த்தாள்.

“இது நான் உன் பெட்டியில போட்டது நவம்பர் ஒம்பது. செவ்வாக்கிழம” என்றாள்.

“உள்ள என்னன்னு படி.”

“நான் மத்தவங்க கடுதாசிய படிக்கிறதில்ல. நீயே சொல்லு.”

சொன்னான். குமிழ், பத்து வினாடி, மறதி, எல்லாம். குமிழை வைத்தவன் தான்தான் என்பதையும், உன் கால்மேல் பழி போட்டேனே என்பதையும் சேர்த்தே சொன்னான். அவள் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு உன் பெட்டிக்கு வர்றதுக்குள்ள வண்டி ரெண்டு தரம் நின்னுது. இறங்கித் தள்ளினேன். இதை உன் பெட்டியில போடத்தான் தள்ளியிருக்கேன்” என்றாள்.

ஹாலிஸுக்குத் தரையில் ஒரு நட்டு கிடப்பது அப்போதுதான் தெரிந்தது. குனிந்து எடுத்தான்.

அவள் கவரை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. நாற்பது வீட்டுக் கதவுகளில் அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் முதல் முறையாகக் கொஞ்சம் புரிந்தது.

பிறகு அவள் ஓடிக்கொண்டே இருந்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். இன்றைக்குக் கற்றதில் சூப்புக்கு அப்புறம் கற்றதுதான் மிச்சம், அதையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். சாவியைத் திருப்பினாள். என்ஜின் நின்றது. இடது கை தானாகப் பின்னால் போயிற்று. அவள் அதை வலது கையால் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அணைந்த வண்டியில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு லேசான காரியம் இல்லை.  அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று இரண்டு என்று எண்ணவில்லை. தன் வழியில் பெட்டிகள் நிற்கும் வரிசையில் எண்ணினாள்.

“அபெய்ட்டா. சோரன்சன். மாண்டோயா. கிரௌஸ். பீல். பழைய சர்ச்சு. வில்ஹெல்ம் அண்ணன். வில்ஹெல்ம் தம்பி. காசியாஸ்.”

கொஞ்சம் நிறுத்தினாள்.

“டீக்” என்று சொல்லிக் குமிழைத் திருகினாள்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு ஹாலிஸ் தன் பெட்டிக்குப் பக்கத்தில் பனியில் நின்றுகொண்டிருந்தான். ஜீப் வந்து நின்றது. புகை இல்லை, நாற்றம் இல்லை. வெர்னா பெட்டியைத் திறக்காமல் அவன் கையிலேயே ஒரு கவரைக் கொடுத்தாள். அவள் போகாமல் காத்திருந்தாள். அவன் கையுறையைக் கழற்றிவிட்டு அவள் கண்ணெதிரிலேயே கவரைப் பிரித்தான். பனிக்கால டயர், நாலு வாங்கினால் சலுகை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தான்.

“சரி” என்று சொல்லிவிட்டு அவள் மேட்டில் ஏறினாள். ஹட்சின்ஸ் வளைவு தாண்டும் வரை சத்தம் ஒரே சீராகக் கேட்டது. அது கேட்காமல் போகும் வரை ஹாலிஸ் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.