தரையிலிருந்து ஒன்பதரை

1.

அளவெடுப்பவர்கள் இந்த உலகத்தில் எதையும் உருவாக்கியதில்லை. எந்தப் பெரிய காரியமும் நாடாவை விரித்துத் தொடங்கப்பட்டதல்ல. கடல் யாரைக் கேட்டு ஆழமானது? கண்ணளவும் துணிவும் உள்ளவன் செய்து முடிப்பான். மற்றவன் முழந்தாளில் நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சென்ரிமீற்றர் எண்ணுவான்.

இதை முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். இந்த உண்மை எனக்குக் கிடைத்தது சென்ற ஞாயிறு காலை, உரும்பிராயில், எங்கள் வீட்டுக் கார்க் கொட்டிலில். என் அண்ணன் சயந்தன் தன் காருக்கு அடியில் கிடந்தான். நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ஒரு கதையின் முதல் வசனத்தை எழுதிக்கொண்டிருந்தேன். இதுதான் அந்தக் கதை. மேலே வாசித்தீர்களே, அதுதான் அந்த வசனம்.

2.

முதலில் காரை அறிமுகப்படுத்த வேண்டும். சிவப்பு, இரண்டே கதவு, என்னைவிட மூன்று வயது மூத்த ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாக ஓடும். எங்கள் ஒழுங்கைக்குள் வருவதற்கிடையில் அண்ணன் இரண்டு இடத்தில் இறங்கி நடந்து பள்ளம் பார்ப்பான்.

அந்தக் கார் பதுங்கிய புலியைப் போல

(வேண்டாம். எங்கள் ஊரில் இந்த உவமையை எழுதினால் விளக்கம் கேட்க ஆள் வரும்.)

அந்தக் கார் மிதிபட்ட நெருப்புப்பெட்டியைப் போல

(இருக்கட்டும். அண்ணன் கதை வாசிப்பதில்லை.)

3.

இந்தக் கதை பிறந்த விதத்துக்கு நல்ல பதிப்பு ஒன்று வைத்திருந்தேன். முதல் வசனம் எழுதிய சந்தோசத்தில் நான் அண்ணனைக் கூப்பிடுகிறேன். கேட்பதற்காக அவன் வெளியே வருகிறான். அந்தக் கணத்தில், காரைத் தாங்கி நின்ற சின்னத் திருகு ஜாக் சரிகிறது, கார் விழுகிறது. இலக்கியம் ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்டது.

வாசகரே, அப்படி நடக்கவில்லை.

"டேய், பதினாலாம் நம்பர் ஸ்பனரை எடு."

"ம்."

"டேய். பதினாலு."

"ஒரு நிமிசம் அண்ணை, வசனம் ஒண்டு வருது."

"உன்ரை வசனம் ஒரு இடமும் ஓடாது. பதினாலைத் தாடா!"

நான் 'துணிவு' போடுவதா 'துணிச்சல்' போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் ஏசியபடி ஊர்ந்து வெளியே வந்து, என் காலடியில் கிடந்த ஸ்பனரைத் தானே எடுத்தான். நிமிர்வதற்குள் கார் விழுந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. களைத்துப்போன ஒருவர் கதிரையில் இருக்கிற மாதிரி விழுந்தது.

உள்ளேயிருந்து அம்மா என்ன சத்தம் என்று கேட்டார். தேங்காய் என்றேன். வெளியே வந்து தேங்காயைத் தேடினார்.

அண்ணன் தான் படுத்திருந்த உரப்பையைப் பார்த்தான். அதில் பாதி காருக்கு அடியில் கிடந்தது. "தள்ளிக்கொண்டு போய் வைக்கிற நல்ல ட்ரொலி ஜாக் ஒண்டு வாங்கவேணும்," என்றான். அவ்வளவுதான். கார் விழுந்த பிறகு, ஸ்பனர் எடுத்துக் கொடுக்காததற்கு ஒருவரும் என்னை ஏசவில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்துதான் எனக்குக் களைப்பாக இருக்கிறது.

4.

அன்று பின்னேரம் அண்ணன் அம்மாவின் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் குப்புறப் படுத்தான். கன்னம் சீமெந்தில், பென்சில் வாயில்.

"என்ன அண்ணை, காருக்குச் சட்டை தைக்கப் போறியோ?"

"ஜாக் எவ்வளவு உயரம் தூக்கும் எண்டில்லையடா முதல் பாக்கிறது. எவ்வளவு பதியும் எண்டுதான். பம்பருக்குக் கீழாலை போகாட்டில், மலையைத் தூக்கிற ஜாக் எண்டாலும் உதவாது."

"எவ்வளவு குனியும் எண்டு பாத்தோ வாங்கிறது? பொம்பிளை பாக்கப் போற மாதிரியெல்லோ கிடக்கு."

அவன் சிரிக்கவில்லை. அளவை ஒரு தாளில் எழுதித் தந்தான். அவனுக்குக் கொடிகாமத்தில் வேலை. விடியப் போனால் பின்னேரம்தான் வருவான். ஆகவே வாங்குவது என் பொறுப்பு.

"வாற ஞாயிறு திரும்ப அடியிலை போவன். ஓயில் ஒழுகுது, விடேலாது. ஜாக் வந்தாலும் சரி, வராட்டில் கல்லு அடுக்கிப்போட்டெண்டாலும் சரி."

அந்தத் தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. எழுதுகிறவனிடம் அப்படியொரு தாளைக் கொடுக்கக் கூடாது. அதில் என் இரண்டாவது வசனத்தை எழுதினேன். பிடிக்கவில்லை. கிழித்து அடுப்பில் போட்டேன்.

5.

திங்கள் காலை சுன்னாகத்தில், கனகரத்தினத்தின் வாகன உதிரிப்பாகக் கடை. மனிதர் அப்போதுதான் சாமிப்படத்துக்குக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்.

"வாரும் தம்பி. முதல் வியாபாரம். கை எப்பிடி, நல்ல கையோ?"

"எழுதிற கை ஐயா."

"பாப்பம்."

(வேற்றூர் வாசகருக்கு: காலையில் முதலாவதாகக் கடைக்குள் ஏறியவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது, திரும்பினால் அன்றைய வியாபாரம் படுத்துவிடும். கடைக்காரரும் அவரோடு தர்க்கப்படக் கூடாது. இப்படி இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு ஒரு பிழையைச் செய்து முடிப்பதற்கு எங்கள் ஊரில் கைராசி என்று பெயர்.)

இரண்டு ஜாக் இருந்தன. ஒன்று நீளமாக, தட்டையாக, கதவிடுக்கில் அகப்பட்ட பல்லி மாதிரி. மற்றது மூன்று தொன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

"ஸ்போர்ட்ஸ் காரெண்டால் உந்தத் தட்டைதான் தோது. அளந்தனீரோ?"

"கண்ணளவு காணும் ஐயா. மூண்டு தொன்னைத் தாங்கோ."

"காரே ஒண்டேகால் தொன் வராதே!"

"ஒரு பாதுகாப்புக்கு."

அவர் வாயைத் திறந்தார். கற்பூரத்தைப் பார்த்தார். வாயை மூடினார். காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

6.

போகவில்லை. மூன்று தொன்னின் தலை, பரீட்சை மண்டபத்துக்குப் பிந்தி வந்தவன் போல, பம்பருக்கு வெளியே நின்றது. பின்னேரம் அண்ணன் வந்து பார்த்தான்.

"தாளிலை எழுதித் தந்தனான்."

"ஓம்."

"பாத்தனியோ?"

"பாத்தன். பின்பக்கம்."

அவன் கிணற்றடிக்குப் போனான். இரண்டு சீமெந்துக் கல்லைத் தூக்கி வந்து கொட்டில் மூலையில் வைத்தான். செவ்வாய் இன்னும் இரண்டு. நடுவில் ஓட்டை உள்ள மதில் கல். கார் வேண்டாம், நான் ஏறி நின்றாலே வெடிக்கும்.

வெள்ளி காலை, ஜாக்கை மோட்டச்சைக்கிளில் கட்டிக்கொண்டு திரும்பச் சுன்னாகம் போனேன்.

"படி ஏறாதையும்!" கனகரத்தினம் உள்ளே இருந்தே கையை நீட்டித் தடுத்தார். "இன்னும் முதல் வியாபாரம் நடக்கேல்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ச் சாமானைத் திருப்பிக்கொண்டு வாறீர். அங்காலை போய் நில்லும்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஜாக்கின் மேலேயே குந்தியிருந்தேன். மூன்று தொன் என்னைத் தாங்கியது. அதன் வாழ்நாளில் அது தாங்கிய முதல் பாரம். கடைக்கு ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறியது. நல்ல பந்தி ஒன்று எழுதியிருக்கலாம், ஆனால் அந்த மதில் கற்கள்தான் கண்ணுக்குள் நின்றன. பத்தரைக்கு ஒருவர் வந்து ஒரேயொரு பியூஸ் வாங்கினார். அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

"இப்ப வாரும்," என்றார் கனகரத்தினம். "மாத்தித் தாறன். ஆனால் தட்டையிலையும் ரெண்டு விதம் கிடக்கு. ஒண்டு எட்டு சென்ரிமீற்றர் மட்டும் பதியும், மற்றது பத்து. அளவு என்ன?"

"கண்ணளவுக்கு..."

"உம்மடை கண்ணைத்தான் அண்டைக்குப் பாத்தனே தம்பி. அளந்துகொண்டு வாரும்."

7.

முடிவுகள்:

அ) தட்டை ஜாக் வருகிறது. ஞாயிறு எல்லாம் நன்றாக நடக்கிறது. எல்லோரும் தேத்தண்ணி குடிக்கிறார்கள். (உங்களுக்கு அலுப்பு. எனக்கு இது போதும்.)

ஆ) அண்ணன் காரை விற்கிறான். (பாத்திரத்துக்குப் பொருந்தாது. என்னை விற்பான்.)

இ) ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு அண்ணன் நாலு சீமெந்துக் கல்லையும் அடுக்கி, உரப்பையை விரித்து

(இந்த வசனத்தை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியும். ஐந்து நாளாகத் தெரியும். முடிக்கமாட்டேன்.)

8.

இன்று சனி, மத்தியானம். அண்ணன் வேலையில். அம்மா நித்திரை. தையல் மெசின் லாச்சியிலிருந்து நாடாவை எடுத்தேன்.

காருக்கு முன்னால் குப்புறப் படுத்தேன். கன்னம் சீமெந்தில், பென்சில் வாயில். தரையிலிருந்து பம்பரின் கீழ் விளிம்புவரை ஒன்பதரை. இன்னொரு தரம் பிடித்தேன். ஒன்பதரை.

எழும்பியிருக்கலாம். கடைக்கு அந்த அளவு போதும். ஆனால் உரப்பையை இழுத்து விரித்து, அதில் மல்லாக்கப் படுத்து, தரையிலிருந்து என் நெஞ்சுவரை நாடாவைப் பிடித்தேன். இருபத்தொன்று. நானும் அண்ணனும் ஒரே அளவுச் சட்டைதான் போடுவது.

இரண்டையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தேன். பதினாலாம் நம்பர் ஸ்பனரைத் தேடி எடுத்து, கதிரையில், நாளைக்கு நான் இருக்கப்போகிற இடத்தில் வைத்தேன்.

தாளின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையை அதில் நீங்கள் எழுதலாம். எனக்கு நேரமில்லை, கடை ஒரு மணிக்குப் பூட்டிவிடும்.

போவதற்கு முன்னம் இன்னொரு தரம் குப்புறப் படுத்து அளந்து பார்க்கிறேன்.