தொப்பியைக் கழற்ற நாற்பது நாள்

என் பெயர் லூயிஸ். புதுச்சேரியில் ஒரு மருந்துக்கடையில் லோஷன் கலக்குபவன். ஊரார் சொறிசிரங்குக்கெல்லாம் குப்பி குப்பியாக ஊற்றிக் கொடுத்தவன் தலையிலேயே ஏழு வருஷமாகச் செதில். தொட்டால் கோட்டின் தோளில் வெள்ளையாக உதிரும். அதனால் தொப்பி. வீட்டில் நான் தனி ஆள், அங்கேயும் தொப்பிதான். கண்ணாடிக்குப் பயந்து என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

மாதா கோயிலுக்குள் ஆண்பிள்ளை தொப்பியோடு நிற்க முடியாது. ஆகவே ஞாயிறு பூசையை வெளியே மரத்தடியில் நின்றே கேட்டுவிட்டு வந்துவிடுவேன். அது என் பாடு, போகட்டும். ஆனால் தங்கை ஞானமேரி, இரண்டு பிள்ளைகள் பிறந்தபோதும், தாய்மாமன் நீதான் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தும் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும் என்று ஆள் அனுப்பினாள். ஒருமுறை காய்ச்சல் என்றேன். மறுமுறை கடையில் வேலை என்றேன். 1936-ல் மூன்றாவது பிள்ளை. இந்தத் தடவை அவள் வாழ்க்கைப்பட்ட அரியாங்குப்பத்திலிருந்து கடிதம் வந்தது. "இப்பவும் நீ வராட்டி எனக்கு அண்ணனே இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

கடிதத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, செதிலுக்குத் தார் மருந்து செய்யும் வேலையைத் தொடங்கினேன். உப்பளம் பகுதியில் மரம் அறுக்கிற இடத்தில் ஒரு சாக்கு மரத்தூள் வாங்கினேன். ஒரு கைப்பிடி சுண்ணாம்பு கலந்து இரும்புப் பானையில் அடைத்து, பக்கத்தில் ஒரு குழாய் பொருத்தி, மூடியைச் சேற்றால் பூசி, கீழே தீ மூட்டினேன். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் பசை உள்ளே உடைந்து, குழாய் வழியே கறுப்புத் தாராகச் சொட்டும். சுண்ணாம்பு இருந்தால் சீக்கிரம் உடையும் என்பது என் எண்ணம். தாரைச் சாராயத்தில் கரைத்து விளக்கெண்ணெய் சேர்த்தேன். முதல் குப்பி தலையைத் தீயாய் எரித்தது. அடுத்ததில் தாரைக் குறைத்தேன். தினமும் தேய்த்துக்கொண்டு ஊற வைத்து உட்கார்ந்திருப்பேன். வீடெல்லாம் புகை நாற்றம். துணைக்கு அதுவாவது இருந்தது.

தங்கைக்குப் பதில் எழுதவில்லை. வருகிறேன் என்று எழுதிவிட்டு, தலை தேறாமல் போனால் என்ன செய்வது? தேறட்டும், நேரிலேயே போய் நிற்போம் என்று இருந்துவிட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

நாற்பது நாளில் செதில் உதிர்ந்துபோயிற்று. வரும் ஞாயிறு ஞானஸ்நானம் என்று, கடைக்கு வந்த அரியாங்குப்பத்துக்காரர் ஒருவர் சொன்னார்.

ஆற்றைக் கடந்து போய், கோயில் வாசலில் தொப்பியைக் கழற்றினேன். தலையில் காற்றுப் பட்டதும் கண் கலங்கிவிட்டது. உள்ளே தண்ணீர்த் தொட்டியருகில் பிள்ளையை ஏந்தி நின்றவன் பிரான்சுவா. தங்கை புருஷனோடு தையல்வேலை செய்பவன். என் இடத்தில் அவனை நிறுத்தி, சாமியார் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கடைசித் தூணருகே நின்றேன். என் தலையை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வந்த ஞானமேரி என்னைக் கண்டதும் நின்றாள். பிள்ளை இப்போது அவள் கையில் இருந்தது.

"ஒனக்காகத்தான் நாப்பது நாள் தள்ளிப்போட்டேன். சாமியார் கூட சத்தம் போட்டாரு. தையக்காரன் வூட்டு விசேஷத்துக்கு வர ஒனக்குக் கௌரவக் கொறச்சல். அதான?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை வீரிட்டது. அதன் குல்லா நழுவியது. உச்சந்தலையில் மஞ்சள் மஞ்சளாகச் செதில். அவள் பதறி மூடப் போனாள்.

"மூடாத. தேங்காயெண்ணெ தடவி, ஊறினதும் கழுவு. தானா உதிர்ந்துடும்" என்றேன். "எனக்கும் இருந்துச்சு, ஏழு வருஷமா. அதான் தொப்பி. அதான் கோயிலுக்குள்ள வரல."

அவள் என் தலையையே பார்த்தாள். பிறகு கையை நீட்டித் தொட்டாள். ஏழு வருஷத்தில் வேறொரு கை அங்கே பட்டதில்லை.

"இதுக்காகவா அண்ணே? சொல்லியிருந்தா நானே தேச்சு வுட்டிருப்பேனே" என்று அழுதாள்.

 விருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பிரான்சுவா வந்தான். பிள்ளையை வாங்கிக்கொண்டு, ஞானத்தகப்பன் என்ற முறையில் எல்லோருக்கும் முன்னால் நடந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கடைசியாக நடந்தேன்.