கைராசிக்காரி

என் கை ராசியில்லாத கையாம். வீட்டில் எல்லோரும் கூடி முடிவு கட்டிவிட்டார்கள். பால் பாட்டிலோடு நான் கிட்டே போனாலே மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாயில் வைத்தால் துப்புவாள். அவளே பகலில் என் நாத்தனார் கொடுத்தால் கடைசிச் சொட்டுவரை குடித்துவிடுகிறாள்.

"அக்கா கைராசிக்காரி," என்பார் என் கணவர், என்னமோ அந்தக் கையை இவரே செய்து கொடுத்தது மாதிரி.

எனக்குப் பால் சீக்கிரமே நின்றுபோனது. சாதா பால்பவுடர் கொடுத்தோம். உடம்பெல்லாம் தடிப்பு, மலத்தில் ரத்தம். பசும்பாலில் உள்ள புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரம்மா தனி பவுடர் எழுதிக்கொடுத்தார். அந்தப் புரதத்தையே பொடிப்பொடியாக உடைத்துச் செய்ததாம். அதன் நாற்றம் இருக்கிறதே, ஊறப்போட்டு மறந்துபோன துணி தேவலை.

உடனே ஆளுக்கொரு டாக்டர் முளைத்தார்கள். மாடி வீட்டுக்காரி லாக்டோஸ் இல்லாத டப்பா வாங்கச் சொன்னாள். மருந்துக்கடைக்காரர் சோயா என்றார். லாக்டோஸ் பாலில் உள்ள சர்க்கரை, அதை எடுத்தாலும் புரதம் அப்படியேதான் இருக்கும்; சோயா ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு வேண்டாம். டாக்டரம்மா சொன்ன இதையே எல்லோரிடமும் ஒப்பித்து எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மாற்றிக் கொடுத்தும் ரத்தம் நிற்கவில்லை. எடையும் ஏறவில்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். கை மெஷினில் இருக்கும், நினைப்பெல்லாம் வீட்டில் கழற்றப்போகும் டயப்பரில் இருக்கும்.

இன்று மறுபடி டாக்டரிடம் போனோம். குழந்தை மேஜைமேல் துவண்டு கிடந்தாள்.

"இந்தப் பவுடரும் கேக்கலைன்னா, அடுத்தது அமினோ அமிலப் பால்தான். புரதமே இல்லாம, அதோட கடைசித் துணுக்கை மட்டும் வச்சு செய்றது. அதுக்கு முன்னாடி அட்மிட் பண்ணிடுங்க. குழாய் விட்டு குடலைப் பாத்துடணும்," என்று சொல்லி எழுத ஆரம்பித்தார்.

குழந்தை சிணுங்கவே, வீட்டில் நாத்தனார் கலந்து கொடுத்தனுப்பிய பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்தேன். டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"அதை இப்படிக் குடுங்க." மோந்து பார்த்தார். "வாசனையா இருக்கே?"

நானும் மோந்தேன். கமகமவென்று இனிப்பு வாசம். உச்சி முதல் பாதம்வரை பற்றி எரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சமையலறையைக் கவிழ்த்தேன். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் சாதா பவுடர் டப்பா, பாதி காலி. தினமும் நாத்தனார் பாட்டில்களைப் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைப்பாள். எவ்வளவு பொறுப்பு என்று நான் வேறு மெச்சிக்கொண்டிருந்தேன்!

"இது என்ன அண்ணி?"

நாத்தனார் கொஞ்சமும் அசரவில்லை. "அந்தக் கருமத்தை நானே ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். குமட்டிடுச்சு. பச்சப்புள்ளைக்கு அதைக் குடுக்க உனக்கு எப்படி மனசு வருது?"

"பாசத்துல செஞ்சிட்டாங்க, விடேன்," என்றார் கணவர்.

"பாசமா? உங்க அக்கா பாசத்துக்கு என் பிள்ளை குடல்ல ரத்தம் வருது. குழாய் விடப் பாத்தாங்க. இன்னொரு வார்த்தை பேசுனீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்."

நான் தனி பவுடரைக் கலந்து, பாட்டிலை நாத்தனார் கையில் திணித்தேன்.

"குடுங்க அண்ணி. உங்க ராசிக்கையாலயே குடுங்க."

அத்தையைக் கண்டதும் குழந்தை ஆசையாக வாயைத் திறந்தாள். ஒரு வாய்தான். துப்பினாள். பாட்டிலைத் தட்டிவிட்டு, அத்தையின் முகத்தையே பார்த்துக் கதறினாள்.

நாத்தனாரின் முகம் செத்துப்போனது. "தங்கம், அத்தைடா..." என்று மறுபடி வைத்துப் பார்த்தாள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டாள். "ஐயோ, என்னை இவ இப்படிப் பாத்ததே இல்லையே!"

"என்னை தினமும் இப்படித்தான் பாக்குறா அண்ணி."

குழந்தையைப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டேன். அழுகையோடு அழுகையாகக் கொஞ்சம் உள்ளே போனது. மீதியை என் மேலேயே துப்பினாள். துடைத்துவிட்டு மறுபடி பாட்டிலை வாயில் வைத்தேன்.