வாலு நடத்திய விசாரணை

தையற்காரர் பொய் சொல்வதில் கெட்டிக்காரர். தொழில் அப்படி. கத்தரியே படாத துணியைப் பற்றி, "பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கறது மட்டும்தான் பாக்கி, நாளைக்கு வாங்க" என்று முகம் மாறாமல் சொல்லக்கூடிய மனிதர். அந்தத் திறமையை வீட்டிலும் வீணாக்கவில்லை. ஐந்து வயது மகளுக்குத் தெரு முழுக்க வாலு என்றுதான் பேர். அவள் சாப்பிட மறுத்தாலும் சரி, சுவரில் கிறுக்கினாலும் சரி, அவரிடம் ஒரே மருந்துதான்: "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்." அது நன்றாகவே வேலை செய்தது, தடுப்பூசி போடும் நாள் வரும்வரை.

போன தடவை ஆஸ்பத்திரியில் மூன்று பேர் சேர்ந்து அவளைக் கட்டிலில் அமுக்கிப் பிடித்தார்கள். வாலு ஒருவர் கையைக் கடித்தாள், இன்னொருவர் மூக்குக்கண்ணாடியை உடைத்தாள். அதைக்கூட விடுங்கள். அதற்குப் பிறகு நாலு நாள் அப்பாவோடு டூ விட்டுவிட்டாள். கூப்பிட்டால் வரவில்லை, மடியில் ஏறவில்லை. அந்த நாலு நாளும் மனிதருக்கு ஒரு சட்டைகூட ஒழுங்காக ஓடவில்லை. இன்றைக்கும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் அவர் பயமெல்லாம்.

இந்தத் தடவை புது நர்ஸ். கட்டில் வேண்டாம் என்றார். வாலுவை அப்பாவின் மடியில், அவரைப் பார்த்தபடி உட்காரவைத்தார். அமுக்க வேண்டாம், அணைத்துக்கொண்டால் போதும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: வலிக்காது என்று மட்டும் சொல்லக் கூடாது. கிள்ளுகிற மாதிரி வலிக்கும், மூன்று எண்ணுவதற்குள் முடிந்துவிடும். பிள்ளைகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னால் தாங்கிக்கொள்வார்கள் என்றார்.

தையற்காரருக்கு வியர்த்தது. பதினெட்டு வருஷத் தொழிலில் பழக்கமே இல்லாத காரியம்.

அவர் வாயைத் திறப்பதற்குள் வாலு மளமளவென்று வாக்குமூலம் கொடுக்க ஆரம்பித்தாள். அளவு நாடாவைப் பூனைக்கு இரண்டாவது வாலாகக் கட்டியது அவள்தான். பட்டன் முளைக்குமா என்று பார்க்க ஒரு டப்பா பட்டனைப் பூந்தொட்டியில் புதைத்ததும் அவள்தான். பக்கத்து வீட்டு மாமா சட்டையின் பாக்கெட், பொம்மைக்குத் தலையணை உறையாகிவிட்டது. அந்தப் பாக்கெட்டைத் தையற்காரர் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார். நர்ஸ் பஞ்சைக் கையில் வைத்தபடியே கதை கேட்டார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே பண்ண மாட்டேன். ஊசி வேணாம்ப்பா."

அப்போதுதான் மனிதருக்கு உறைத்தது. பிள்ளை பயந்தது வலிக்கு மட்டுமில்லை, தண்டனைக்கு. அந்தச் சட்டத்தை எழுதியவரும் அவரேதான். வெட்கமாக இருந்தது. நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கூரையைப் பார்த்தார்.

"ஊசி தப்பு பண்ணதுக்கு இல்லடா. நோய் வராம இருக்கறதுக்கு. உன்னைப் பயமுறுத்த அப்பாதான் பொய் சொன்னேன்."

வாலு நிமிர்ந்தாள். முகத்தில் போலீஸ் களை வந்துவிட்டது.

"வேற என்னென்ன பொய் சொன்ன?"

விசாரணை ஆரம்பமாயிற்று. ஐஸ்க்ரீம் கடை தினமும் லீவு என்றது? பொய். எட்டு மணியானால் டிவி தானாகத் தூங்கிவிடும் என்றது? பொய், பிளக்கைப் பிடுங்கியது அப்பா. கேரட் தின்றால் இருட்டில் கண் டார்ச் மாதிரி எரியும் என்றது? தையற்காரர் தொண்டையைக் கனைத்தார். சந்தடி சாக்கில் நர்ஸ், தன் யூனிஃபார்மில் காஜா மட்டும்தான் பாக்கி என்றாரே, அது எப்படி என்று கேட்டுவைத்தார். அதுவும் பொய்தான். பிறகு நர்ஸ் பஞ்சால் துடைத்து, இப்போது கிள்ளும் என்று சொல்லிவிட்டே போட்டார். வாலு "ஸ்ஸ்" என்றாள். அதே மூச்சில், மாடியில் இருக்கும் பூச்சாண்டி நிஜமா என்று கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றார் நர்ஸ்.

"இன்னும் முடியல" என்றாள் வாலு. அப்பாவின் சட்டைப் பட்டனைத் திருகினாள். குரல் இறங்கிவிட்டது. "என்னைக் குப்பைத்தொட்டியில இருந்து எடுத்துட்டு வந்தேன்னு சொன்னியே?"

நூறு தடவை சொல்லியிருப்பார். கடைக்கு வந்தவர்களும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். அவள் சிரித்தாளா என்று ஒரு தடவைகூட அவர் பார்த்ததில்லை.

"பெரிய பொய்டா அது. நீ அம்மா வயித்துல பொறந்த. உன்னை முதல்ல தூக்கினதே நான்தான்."

அப்போதுதான் வாலு அழுதாள். ஊசிக்கு வராத அழுகையையும் சேர்த்து ஓவென்று அழுதாள். தையற்காரரும் கூச்சமில்லாமல் அழுதார். அந்தச் சத்தத்தில் வெளியே காத்திருந்த ஆறு பிள்ளைகளும் அலற ஆரம்பித்தன. இது ஊசிக்கு வந்த அழுகை இல்லை என்று நர்ஸ் கதவைத் திறந்து சொல்லிப் பார்த்தார். யார் நம்புவார்கள்?

வாலு அப்பாவின் இடுப்பில், அவர் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் இருந்தவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"கிள்ளுற மாதிரிதான் வலிக்கும். ஆனா உள்ள போனா, அப்பாங்க எல்லா உண்மையையும் சொல்லிடறாங்க."

அழுகை சட்டென்று நின்றது. ஆறு பிள்ளைகளும் மெல்லத் திரும்பித் தங்கள் அப்பா அம்மாவைப் பார்த்தன.