பத்தாவது பீர்

தேடலைத் தொடங்கி வைத்ததே அவள்தான். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் குடியை விட்டுப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. வேலை முடிந்து வந்ததும் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருவான். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில், போதை இல்லாத பீர் என்று எழுதியிருந்த பாட்டில் ஒன்றை வாங்கி வந்தாள்.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இது பீர் இல்ல. பார்லி வேகவெச்ச தண்ணிய வெயில்ல வெச்சிருந்து கொண்டாந்திருக்கே."

மகளோடு சேர்ந்து மூவரும் சிரித்தார்கள். அதன்பின் வாரம் ஒன்று புதிதாக வந்தது. ஒன்று சர்க்கரைப் பாகு. இன்னொன்றை மோந்து பார்த்த ஒன்பது வயது மகள், "பாத்திரம் கழுவுற சோப்பும்மா" என்று நூற்றுக்கு நான்கு மதிப்பெண் போட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீடு அவ்வளவு கலகலப்பாக இருந்ததில்லை.

முன்பெல்லாம் அவன் குடித்தால் சத்தம் போடமாட்டான். அமைதியாகிவிடுவான். அவளை எதிரே உட்காரவைத்து அன்றைக்கு யாரிடம் என்ன பேசினாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். மகள் குறுக்கே வந்தால் சுவரோரம் நிற்கச் சொல்வான். போன வருடம் ஒரு பதில் பிடிக்காமல் அவள் மணிக்கட்டை முறுக்கியதில் எலும்பு முறிந்துபோனது. ஆஸ்பத்திரி வாசலில் தேம்பித் தேம்பி அழுதான். "நான் இல்லம்மா, குடி செஞ்சது" என்றான். அவள் நம்பினாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த சின்னக் கடையில் அவனே கண்டுபிடித்து வாங்கி வந்தது பத்தாவது. கறுத்த நிறம், கெட்டி நுரை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மகள் மதிப்பெண் கேட்டாள்.

"இதுதான்" என்றான்.

மறுநாள் ஒரு பெட்டியே வந்து இறங்கியது.

மூன்றாம் நாள் பேச்சு குறைந்தது. ஐந்தாம் நாள் மாலை, இரண்டாவது பாட்டில் பாதியில் இருக்கும்போது எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினான்.

"வந்து உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

"லேப்ல இன்னைக்கு யார் யார்கிட்ட பேசின?"

உணவுப் பொருள்களைச் சோதிக்கும் லேப்பில்தான் அவளுக்கு வேலை. கடைக்காரன் ஏமாற்றுகிறான், இல்லாவிட்டால் இவனே எதையோ கலக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் குளிக்கப் போனதும் பாதி பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் மதியம் நுரை அடங்கும்வரை குலுக்கி, காய்ச்சி வடித்து, வடித்ததை அளந்து பார்த்தாள். ஆல்கஹால் இல்லை என்றே சொல்லலாம். பழச்சாற்றில்கூட இதைவிட அதிகம் இருக்கும். கருவியில் கோளாறோ என்று மறுபடி செய்தாள். அதே எண்தான்.

ஸ்டூலில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது இருந்து தொலைத்திருக்கலாம். இத்தனை வருடமாக எல்லாப் பழியையும் அவள் பாட்டிலின் மேல்தான் போட்டிருந்தாள்.

வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பினாள். மகள் பள்ளிச் சீருடையோடு சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். அவன் மேஜைமுன் உட்கார்ந்திருந்தான். பாட்டில் எதிரே இருந்தது. மூடி இன்னும் திறக்கப்படவில்லை.

"என்னாச்சு?" என்றாள்.

"நிக்கச் சொன்னேன். நிக்கிறா."

அவள் பையைக் கீழே வைக்கவில்லை. "பாப்பா செருப்பு அறுந்துபோச்சு. கடை சாத்துறதுக்குள்ள வாங்கிட்டு வந்துடறோம்."

"அவ எதுக்கு?"

"கால் அளவு பாக்கணும்ல."

அவன் மகளின் காலைப் பார்த்தான். பிறகு மனைவியின் முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

"சீக்கிரம் வா."

படியிறங்கும்போது மகள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அவள் மகளின் கையை அழுத்தினாள். தெருமுனை வரை ஓடாமல் நடந்தார்கள். அதன்பின் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

"திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டானா?" என்று அக்கா கதவைத் திறந்தபடியே கேட்டாள்.

"இல்லக்கா. அதான் வந்துட்டேன்."

அக்காவுக்குப் புரிய அன்றைக்கு வெகுநேரம் பிடித்தது.

அக்கா வீட்டுக்கு வந்த நான்காம் நாள் லேப் வாசலிலிருந்து காவலாளி போன் செய்தார். "உங்க வீட்டுக்காரர் வந்திருக்காரும்மா. ரொம்ப மரியாதையா பேசுறார். உள்ள அனுப்பட்டுமா?"

மாடி ஜன்னல் வழியே பார்த்தாள். சலவைச் சட்டை, படிய வாரிய தலை. அவன் நிமிர்ந்து ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாம். இனிமே எப்ப வந்தாலும் உள்ள விடாதீங்க. நோட்டுல எழுதி வெச்சிடுங்க."

"குடிச்சிருக்காராம்மா? வாடையே இல்லையே."

"இல்ல. குடிக்கல."

"அப்புறம் காரணம் என்னன்னு எழுதட்டும்?"

அவள் ஜன்னலைவிட்டு விலகி நின்றாள்.

"கையை ஒடிச்சவர்னு எழுதுங்க" என்றாள்.